படம் விட்டதும் கடலை கேட்பவர்கள்

என் பெரியப்பா கோலாலம்பூரில் இருபத்திரண்டு வருடம் கச்சாங் பூத்தே என்ற கடலை வகைகள் விற்றார். பெரும்பாலும் பத்து ரோட்டில், கொலிசியம் தியேட்டர் பக்கம். அந்தச் சாலைக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகியும் அவருக்குக் கடைசிவரை அது பத்து ரோடுதான். மரத்தட்டு, அதில் அறை அறையாக வேர்க்கடலை, பட்டாணி, கொண்டைக்கடலை, ஓமப்பொடி, உடைத்த முறுக்கு. சரக்கெல்லாம் ஈப்போ புந்தோங்கிலிருந்து வரும். அங்கே கச்சாங் பூத்தே கம்பம் என்றே ஓர் இடம் உண்டு, எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான். பழைய டெலிபோன் புத்தகத்தின் தாளைக் கிழித்து, ஒரே சுற்றில் கூம்பாக்கி, அள்ளிப் போட்டுக் கொடுப்பார். இருபது காசு.

சினிமா அவர் அதிகம் பார்த்ததில்லை. உள்ளே போனால் வியாபாரத்தை யார் பார்ப்பது? ஆனால் ஒரு படம் ஓடுமா, ஓடாதா என்று முதல் காட்சி விட்ட பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். பள்ளி விடுமுறையில் தாளைச் சுருட்டிக்கொடுக்க நானும் அவரோடு நிற்பேன். ஒருநாள் கேட்டேன், எப்படித் தெரியும் பெரியப்பா என்று.

"படம் விட்டு வர்றவன் கடலை கேட்டா படம் சரியில்லைன்னு அர்த்தம். உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே அவனுக்குப் பசி தெரிஞ்சிருக்கு."

நல்ல படம் விட்டால் கூட்டம் தட்டைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுமாம். யாராவது ஒருவர் பாட்டை முணுமுணுப்பார், யாராவது ஒருவர் சாலையைக் கடக்க மறந்து நிற்பார். மோசமான படம் என்றால் நேராக இவரிடம் வருவார்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசில் கொஞ்சத்தையாவது மீட்டுக்கொண்டு போவதுபோல, "கொஞ்சம் கூடப் போடுங்கண்ணே" என்று கேட்பார்களாம். அதனால் பெரியப்பாவுக்கு ரொம்ப நல்ல படங்கள் பிடிக்காது. சுமாரான படம்தான் சோறு போடும் என்பார்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி, முதல் நாள் இரவு பார்த்த படத்தைப் பற்றிப் பொரிந்து தள்ளினான். "மூணு மணி நேரம் ஏமாத்திட்டானுங்க லா, அக்கா." படத்தின் பெயர் இங்கே வேண்டாம், அடுத்த மாதம் அதே இடத்தில் வேறொரு பெயர் இருக்கும். அவன் சொன்ன அந்த 'ஏமாத்திட்டானுங்க'தான் மனதில் நின்றது. எதிர்பார்த்தது கிடைக்காமல் போவதற்கும், ஒருவன் நம்மை வஞ்சிப்பதற்கும் நாம் ஒரே வேர்ச்சொல்லை வைத்திருக்கிறோம். ஏமாற்றம் என்று சொல்லும்போதே ஏமாற்றியவன் ஒருவன் இருக்கிறான் என்று ஆகிவிடுகிறது. சரி, யார் அவன்? இயக்குநரா, நடிகரா, போஸ்டர் ஒட்டியவரா, இல்லை நாமேதானா? படத்துக்குப் படம் பதில் மாறுகிறது என்பது என் எண்ணம். ஆளை மாற்றிப் பிடித்து அடிப்பதுதான் நம் வழக்கம்.

எங்கள் ஊருக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பெரியப்பா சொல்வார், அந்தக் காலத்தில் படம் அங்கே வெளியாகி, ஓடி, பேர் வாங்கி, அதற்கப்புறம்தான் பெட்டி இங்கே வந்து சேருமாம். அதற்குள் ஊரிலிருந்து கடுதாசி வந்திருக்கும், பத்திரிகைகள் வந்திருக்கும், பாட்டு ரேடியோவில் தேய்ந்திருக்கும். பதரெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே தூற்றப்பட்டு, நெல் மட்டும் கரையேறியது. எங்கள் முந்தைய தலைமுறை "அப்பல்லாம் எல்லாப் படமும் நல்லாருக்கும்" என்று சொல்வதில் பாதி இந்தக் கணக்குதான். மோசமான படங்களும் எடுக்கத்தான் எடுத்தார்கள். இவர்கள் கண்ணில் படவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். இந்தியாவைவிட இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பெரிய படம் என்றால் திருச்சியில் இருக்கும் என் சித்தி மகள் காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்பே எனக்குச் செய்தி அனுப்புவாள்: "அக்கா, படம் எப்படி?" விருந்துக்கு முன்னால் அரசனின் சோற்றைத் தின்று பார்ப்பவனின் வேலை எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கபாலியை வைத்துப் பேசினால்தான் எனக்கு இது சரியாக வரும். 2015இல் அதன் முதல் தோற்றப் படம் வெளியானபோதே எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் தீபாவளி. நரைத்த தாடி, கோட்டு சூட்டு, நாற்காலி, பின்னால் கோலாலம்பூர் வானம். எங்கள் வானம்! பில்லாவில் அஜித் பத்துமலையில் வந்து ஆடியபோது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அங்கே 140 அடி முருகன் சிலை திறந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த மாதிரிப் படங்களில் எங்கள் ஊர் பாட்டுக்கும் துரத்தலுக்குமான பின்னணி. இரட்டைக் கோபுரத்தைக் காட்டினால் வெளிநாடு வந்தாயிற்று என்று பொருள். கபாலி அப்படி இல்லை, கதையே இங்கே என்றார்கள். ரப்பர் தோட்டம், கூலி, குண்டர் கும்பல், எங்கள் பாட்டன் கதை. அதுவும் ரஜினி சொல்லப்போகிறார்.

2016 மே 1ஆம் தேதி டீசர் வந்தது. 'நெருப்புடா' கல்யாண வீட்டிலிருந்து கார் கழுவும் இடம்வரை ஒலித்தது. ஏர் ஏசியா ஒரு விமானத்துக்கே கபாலி வண்ணம் பூசியது. ஜூலை 22 படம். நாங்கள் நால்வர்: நான், அம்மா, தம்பி, தம்பி மனைவி. சோளப்பொரி, தண்ணீர் எல்லாம் சேர்த்து நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கமாகப் போயிற்று. தம்பி கறுப்புக் கோட்டு போட்டு வந்தான். கோலாலம்பூர் வெயிலில் கோட்டு!

முதல் அரைமணி நேரம் விசில். அப்புறம் விசில் குறைந்தது. மனைவி இறந்துவிட்டாள் என்று நம்பி இருபத்தைந்து ஆண்டு சிறையில் கிடந்த ஒரு கிழவன், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்து தேடிப் போகிறான். தேடுகிறான், தேடுகிறான். அரங்கில் ஒருவன் "தலைவா, சண்டை எப்போ?" என்று கத்தினான், நாலு பேர் சிரித்தார்கள். தம்பி போனை எடுத்துவிட்டான். படம் முடிந்து வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமாக் கடைக்குப் போவமா? பசிக்குது." எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது.

அன்றிரவு மாமாக் கடையில், அதாவது எங்கள் ஊர் இந்திய முஸ்லிம் உணவகத்தில், ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டு ஊரே கபாலியைப் பிய்த்தது. "பாட்ஷா மாதிரி இல்லை." "பேச்சு மெட்ராஸ் பேச்சா இருக்கு, நம்ம பேச்சா இல்லை." "இது ரஜினி படமா, ரஞ்சித் படமா?" நானும் அந்த மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பிறகு யோசித்தால் ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. அந்த டீசரில் ரஜினி பேசும் வசனமே என்ன? பழைய படங்களில் மரு ஒட்டி, லுங்கி கட்டி, எஜமான் கூப்பிட்டதும் ஓடிவந்து நிற்பானே ஒரு கபாலி, அந்தக் கபாலி என்று நினைத்தாயா என்கிறார். அதாவது, நீ நினைக்கிற ஆள் நான் இல்லை என்று இயக்குநர் மூன்று மாதம் முன்பே, ரஜினியின் வாயாலேயே சொல்லிவிட்டார். நாம் கோடிக்கணக்கான தடவை அதைப் போட்டுக் கேட்டோம். கடைசியில் வரும் 'டா' மட்டும்தான் காதில் விழுந்தது.

இந்த வகை ஏமாற்றத்தில் படத்தின் பங்கு குறைவு என்றுதான் இப்போது தோன்றுகிறது. படத்துக்கு முன்பே ஒரு படம் தலைக்குள் ஓடி முடிந்துவிடுகிறது. முதல் தோற்றம், டீசர், பாட்டு, பேட்டி, விமானம் என்று ஆளுக்கொரு செங்கல் எடுத்துக் கொடுக்கிறார்கள், நாம் மாளிகை கட்டிக்கொள்கிறோம். பாட்டைச் சொல்லுங்கள். மூன்று மாதம் மின்னல் எஃப்எம்மில் ஒரு பாட்டைக் கேட்டு, அதற்கு மழை, மலை, ரயில் எல்லாம் மனதில் படம்பிடித்து வைத்திருப்போம். திரையில் அது ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி அடுக்கும்போது பின்னணியில் ஓடினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? நாம் எடுத்த படத்தைவிட அவர்கள் எடுத்தது மட்டம் என்ற எரிச்சல் அது.

அம்மா வளர்ந்தது தோட்டத்தில். மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி வீசுவதைப் பார்த்தார்களாம். எந்தப் படம் பிடிக்கவில்லை என்று கேட்டால் அம்மாவுக்கு ஒன்றுகூட நினைவு வருவதில்லை. என்ன படம் என்பதே துணி கட்டிய பிறகுதான் தெரியும். எதை எதிர்பார்த்து ஏமாறுவது?

ஆனால் எல்லாப் பழியையும் போஸ்டர் மேல் போட்டுப் படத்தை விடுவிக்கவும் முடியாது. வெளியே யாரோ கொடுத்த வாக்கு ஒன்று, படம் தன் முதல் காட்சிகளில் தானே கொடுக்கும் வாக்கு இன்னொன்று. முன்னது உடைந்தால் கோபம் வரும், வருடங்கள் போனால் ஆறும். பின்னது உடைந்தால் ஆறுவதே இல்லை. என் அனுபவத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஐந்தாறு வருடம் கழித்து, சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, சமைத்துக்கொண்டே டிவியில் அந்தப் படத்தைப் பார்ப்பது. கரண்டி கையில் நின்றுவிட்டால் படத்தின் மேல் குற்றமில்லை.

அன்பே சிவம் 2003 பொங்கலுக்கு வந்தது. கமல், மாதவன், இயக்கம் சுந்தர்.சி என்றதும் சிரித்துவிட்டு வரலாம் என்று போனவர்கள்தான் அதிகம். முகம் சிதைந்த ஒரு தொழிற்சங்கக்காரனும் சிடுசிடுப்பான ஒரு விளம்பரப் படக்காரனும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு கடவுளைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பொங்கலுக்கு மக்கள் விக்ரமின் தூளைத்தான் கொண்டாடினார்கள், அன்பே சிவம் தோற்றது. இன்று கேட்டுப் பாருங்கள், பார்த்து அழாதவர் யாருமில்லை. குணாவும் அப்படித்தான். 1991 தீபாவளியன்று தளபதியோடு ஒரே நாளில் வந்து அடிவாங்கியது. 2024இல் ஒரு மலையாளப் படம் அந்தக் குகையையும் அந்தப் பாட்டையும் திரும்பக் கொண்டுவந்தபோது, குணா வெளியானபோது பிறக்காத பிள்ளைகள் அரங்கில் கண்ணைத் துடைத்தார்கள்.

பாபாவை அந்த வரிசையில் வைக்க மனம் வரவில்லை. 2002 ஆகஸ்ட் 15. படையப்பாவுக்கு அப்புறம் மூன்று வருடக் காத்திருப்பு. கதை, திரைக்கதை, தயாரிப்பு எல்லாம் ரஜினியே. நான் அப்போது கல்லூரி. சாப்பாட்டுக் காசை மிச்சம்பிடித்து டிக்கெட் எடுத்தேன். நாயகனுக்குக் கேட்டது கிடைக்கும் மந்திரம் வாய்க்கிறது, அதுவும் ஏழு முறைக்கு. அந்த இடத்தில் படம் நமக்கு ஒரு பெரிய வாக்கைக் கொடுத்துவிடுகிறது. இப்படியொரு சக்தி கையில் இருந்தால் ஒரு மனிதன் என்ன ஆவான்? அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் தங்கள் ஏழு வரத்தை மனதில் பட்டியல் போடத் தொடங்கிவிட்டார்கள், நானும்தான். அவரோ அதில் பாதியை விளையாட்டாகச் செலவழித்துவிடுகிறார். ஒவ்வொரு மந்திரமும் வீணாகும்போது அரங்கில் ஒரு முனகல் எழும். அது ரசிகனின் முனகல் மட்டுமில்லை, தன் பட்டியலில் ஒன்று போயிற்றே என்ற முனகல். படம் விழுந்தது. விநியோகஸ்தர்களின் நட்டத்தை ரஜினி திருப்பிக் கொடுத்தார் என்பது ஊரறிந்த செய்தி. இருபது வருடம் கழித்து 2022 டிசம்பரில் அதையே வெட்டிச் சுருக்கி மறுபடி திரையிட்டார்கள். நானும் பாசத்தில் பார்த்தேன். ரஜினியின் நடையைப் பார்க்கச் சலிக்கவில்லைதான். ஆனால் கரண்டி கையில் நிற்கவில்லை.

இந்தியன் 2 இன்னும் தெளிவான உதாரணம். 1996இல் வந்த முதல் படத்தில் சேனாபதியின் கோபத்துக்கு வேர் இருந்தது. லஞ்சம் கொடுக்க மறுத்ததால் தீக்காயத்தோடு மகள் சாகிறாள். கடைசியில் அதே நியாயத்துக்காகப் பெற்ற மகனையே கொல்கிறார். கத்தி அவர் வீட்டுக்குள்ளும் பாய்ந்ததால்தான் நாம் அந்தக் கிழவரை நம்பினோம். இருபத்தெட்டு வருடம் கழித்து 2024 ஜூலையில் திரும்பி வந்தவருக்குக் கோபம் இருந்தது, மகள் இல்லை. ஊர் ஊராகப் போய் நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்களை விதவிதமாகக் கொன்றார். இதில் சரிக்கட்ட எதைத்தான் வெட்டுவது? வெளியான சில நாட்களில் பன்னிரண்டு நிமிடத்தை வெட்டினார்கள். அழுகிய பலாப்பழத்தில் பன்னிரண்டு சுளையை எடுத்துப் போட்டால் மீதி இனிக்குமா? அப்புறம் கடைசியில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம். சாப்பாடு சரியில்லை என்று எழுந்தவனிடம் நாளைய மெனுவை நீட்டினார்கள்.

என் கணக்கு இடிக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆயிரத்தில் ஒருவன். 2010 பொங்கல். முதல் பாதி சிரிப்பும் சாகசமுமாகத் தீவு, பாம்பு, புதைமணல். இரண்டாம் பாதியில் பசியில் வாடும் ஒரு சோழக்கூட்டம், புரியாத பழந்தமிழ், ரத்தம், நரமாமிசம். பாதியில் படமே மாறிவிட்டது. உள்ளே கொடுத்த வாக்கை இதைவிடப் பட்டவர்த்தனமாக எப்படி உடைப்பது? என் கணக்குப்படி இது ஆறக் கூடாத புண். ஆனால் ஆறிவிட்டது. 2021 கடைசி நாளில் மறுபடி திரையிட்டபோது கொண்டாடினார்கள். நானே மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

ரொம்ப நாள் இது உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவைதான் முதல் காட்சியைக் கவனித்துப் பார்த்தேன். 1279. பாண்டியர் படை சூழ்கிறது, சோழன் தன் மகனை மக்களோடு எங்கோ அனுப்பிவைக்கிறான். படம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்பதுதான் படம் கொடுத்த வாக்கு. நடுவில் வந்த சிரிப்பிலும் பாட்டிலும் நாம் அவனை மறந்துவிட்டோம், செல்வராகவன் மறக்கவில்லை. இதை நான் கொஞ்சம் வசதியாகத்தான் வளைக்கிறேனோ என்னவோ. அந்தப் பழந்தமிழுக்கு அவர் இன்னும் கொஞ்சம் வழிகாட்டியிருக்கலாம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

அந்தப் பாதி என்ற சொல்லில்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வில்லங்கம். நான் போகும் மால் தியேட்டர்களில் இடைவேளையே விடுவதில்லை. நாயகன் கதவை உதைக்கிறான், திரை உறைகிறது, 'இடைவேளை' என்று எழுத்து வருகிறது, மூச்சு விடுவதற்குள் அடுத்த காட்சி. அந்த எழுத்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று என் சீன நண்பர் ஒருவர் கேட்டார். விளக்கிச் சொல்வதற்குள் பிளாஷ்பேக் தொடங்கிவிட்டது. தமிழ்ப் படம் இரண்டு மாடி வீடு. நடுவில் படிக்கட்டில் நின்று இளைப்பாற இடம் வைத்துத்தான் கட்டுகிறார்கள். ஊரில் அந்தப் பத்து நிமிடத்தில் ஜனங்கள் வெளியே வந்து, சமோசா தின்று, இதுவரை பார்த்ததைப் பேசித் தீர்த்து, சரி, இனி வேறு மாதிரிப் போகும் போலிருக்கிறது என்று மனதைத் தயார்செய்துகொண்டு உள்ளே போகிறார்கள். எங்களுக்கு அந்தப் படிக்கட்டு இல்லை. மாடியிலிருந்து மாடிக்குத் தூக்கி எறிகிறார்கள். இரண்டாம் பாதி இழுவை என்ற புகார் இங்கே கூடுதலாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

இளைப்பாற விடாத படங்களும் இப்போது பெருகிவிட்டன. 2024 நவம்பரில் கங்குவா வந்தபோது சத்தம் தாங்கவில்லை என்று அத்தனை பேரும் முறையிட, ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தியேட்டர்களுக்குத் தயாரிப்பாளரே சொல்லவேண்டி வந்தது. அந்த வாரமே தியேட்டர் வாசலில் யூடியூப்காரர்கள் மைக் நீட்டுவதைத் தடுக்க வேண்டும் என்ற பேச்சும் தயாரிப்பாளர்கள் பக்கம் கிளம்பியது. வாசலில் நிற்பவரை விரட்டினால் படம் நன்றாகிவிடுமா? பெரியப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் பசி போய்விடாது. ஆனால் மைக்கின் முன்னால் நிற்கும் ஆளுக்கும் ஒரு வார்த்தை: படம் விட்டு வந்த மூன்றாவது நிமிடம் நமக்குத் தெரிந்ததெல்லாம், நாம் கட்டிய மாளிகை அங்கே இல்லை என்பது மட்டும்தான். 2025 ஜூனில் தக் லைஃப் வந்தபோது எல்லோரும் அதை நாயகனோடு வைத்துத்தான் அளந்தார்கள். முப்பத்தெட்டு வருடப் பழைய படம்! இன்னொரு நாயகனை எதிர்பார்த்து வந்தவர்களிடம் மணிரத்னம் வருத்தம் தெரிவிக்கும்படி ஆயிற்று. எனக்கும் அந்தப் படம் பிடிக்கவில்லை. ஆனால் நாயகன் இல்லாத உலகத்தில் அது வந்திருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது. இந்த வேறுபாட்டை மாமாக் கடை மேசையில் யாரும் கேட்கத் தயாராக இல்லை.

உள்ளூர்ப் படங்களைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். கபாலிக்கு ஏழு மாதம் முன்பு, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் ஜகாட் வந்தது. தோட்டத்திலிருந்து பெயர்த்து எறியப்பட்ட குடும்பம், புறம்போக்குக் குடிசை, படிப்பில் அடிவாங்கும் அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், கேங்கில் சிக்கிய சித்தப்பா. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் எங்கள் ஆட்கள் வாயில் புரண்டு ஜகாட் ஆனதுதான் தலைப்பு. விமானம் இல்லை, விசில் இல்லை. நான் பார்த்த காட்சியில் மொத்தம் பதினோரு பேர். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் பேச்சு எங்கள் பேச்சாகவே திரையில் கேட்டது. மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் விருது வாங்கியபோதுதான் பலருக்கு அப்படியொரு படம் வந்ததே தெரிந்தது. கபாலியின் மேல் நாங்கள் வைத்த ஆசையில் ஒரு பங்கு ஜகாட் பார்த்து வந்த ஆசை. அதே கதையை ரஜினி சொன்னால் எப்படி இருக்கும்? ஆசைப்பட்டது நாங்கள்.

ஆனால் பெரும்பாலான உள்ளூர்ப் படங்களுக்கு நாங்கள் செய்வது வேறு. "நம்ம பிள்ளைங்க எடுத்தது, ஆதரவு கொடுக்கணும்" என்று கூட்டமாகப் போகிறோம். நன்றாக இல்லாவிட்டால் வெளியே வந்து, "பரவாயில்லை, நம்ம பட்ஜெட்டுக்கு நல்லா பண்ணியிருக்காங்க" என்கிறோம். வாசலில் நிற்கும் இயக்குநரின் கையைக் குலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம். நானும் அப்படிக் கை குலுக்கியிருக்கிறேன். அந்தத் தம்பி ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி" என்றேன். இரண்டாம் பாதியில் மணி பார்த்ததைச் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து வரும் படத்தைக் கிழிக்கத் தெரிந்த வாய், இங்கே எடுத்த படத்துக்கு மட்டும் பூசி மெழுகுகிறது. அடுத்த படத்துக்கு நாங்கள் போவதில்லை. ஏன் யாரும் வரவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வாசலில் ஏமாற்றியது யார் என்று கேட்டால் நான்தான்.

கபாலிக்கு இன்னொரு பின்கதை உண்டு. படம் பார்த்த அன்றே திருச்சிச் சித்தி மகளோடு போனில் சண்டை. "கடைசியில் அவர் செத்தாரா, இல்லையான்னு சொல்லாமல் விட்டுட்டாங்களே, அதுதான் அக்கா அழகு" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்லாம விட்டாங்க? போலீஸில் சரணடைஞ்சிட்டார்னு எழுத்தே போட்டாங்களே" என்றேன். படம் ஒழுங்காகப் பார்த்தாயா, இல்லை தூங்கிவிட்டாயா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே திரை இருண்டு ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டு முடிகிறது. இங்கே ஓடிய பதிப்பில் மட்டும் அவர் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரே படத்தைப் பார்த்து இரண்டு நாடும் இரண்டு விதமாக ஏமாந்திருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தோம். மத்தியானம் மழை, வெளியே போக வழியில்லை. டிவியில் கபாலி. சித்தி மகள் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கபாலி மனைவியைத் தேடிப் போகும் இடம் வந்தது. அன்று தம்பி போனை எடுத்த அதே இடம். கதவு திறக்கிறது, அவள் நிற்கிறாள், இருபத்தைந்து வருடம் இருவர் முகத்திலும் ஓடுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, யாரும் பேசவில்லை. முறுக்கு வைத்தது வைத்தபடி இருந்தது.

படம் முடிந்தது. திரை இருண்டு, துப்பாக்கிச் சத்தம். அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"என்னடி இது, சரணடைஞ்ச மனுசனை எதுக்குச் சுடுறானுங்க?"

"இங்கேதான் பெரியம்மா சுட்டாங்க" என்றாள் சித்தி மகள். "உங்க ஊரில் நல்லாத்தான் இருக்கார்."